சித்திரையில் வெயில் காய்ந்தவர்

சேலத்தில் எங்கள் பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலையில் சித்திரை மதியத்தில் எல்லோரும் நிழலுக்கு ஓடுவோம். கம்பளிக் குல்லா போட்ட ஒரு நெட்டை மனிதர் மட்டும் வெயிலில் நின்று, விறைத்த கைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். டேங்கரில் வரும் திரவ எரிவாயு ஆவியாகும்போது கிடைக்கும் குளிரை வீணாக்காமல், மூலப்பொருள் சூடாகி வினைபுரியும் கலனான ரியாக்டருக்குத் திருப்பிவிடுவது அவர் வேலை. அந்தப் புது ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

ஒருநாள் பழைய குளிரூட்டும் எந்திரமான சில்லர் நின்றுபோய், ரியாக்டரின் சூடு மளமளவென்று ஏறியது. "எல்லாரும் வெளியே ஓடுங்க!" என்று கத்தினேன்.

பனி பூத்த வால்வைத் திருகிக்கொண்டே அவர், "சித்த பொறுங்க சார், ரியாக்டருக்குக் குளிரு போயிட்டிருக்குதுங்க" என்றார்.

வெப்பமானியின் முள் தயங்கி நின்றது. பிறகு இறங்கியது.

வெளியே வந்தபோது பயத்தில் என் கைகளும் சில்லிட்டிருந்தன. "வாங்க சார், வெயில் காயலாமுங்க" என்றார். பக்கத்தில் போய் நின்றேன். சேலத்து வெயில் எனக்கு இதமாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.