இடது மணிக்கட்டில் கட்டிய காப்பு

காலை ஐந்து நாற்பது. விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது என் மனைவி சரசுவின் இடது மணிக்கட்டு. மஞ்சள் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் ஊதியிருந்தன.

தொண்ணூற்றாறாம் வருடம், தை மாதம். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் நடந்தது. அதில் இரண்டு முறை சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது முறை உடம்பு தாங்காது என்றார்கள். அதனால் இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை செய்தார்கள். பிஸ்டுலா என்று பெயர். அது தடித்துத் தேறினால் அதிலேயே ஊசி போடலாம்.

"நரம்பு ரொம்ப மெலிசுங்க" என்றார் கோவை ஆர்.எஸ்.புரத்து டாக்டர். "தேறுமா தேறாதான்னு ஆறு வாரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும். தெனமும் காலைல விரல் வெச்சுப் பாருங்க. அதிர்வு இருக்கோணும்."

மோட்டார் ஓடும்போது தண்ணீர்க் குழாயைத் தொட்டால் தெரியுமே, அதே அதிர்வு. அந்தக் கையில் வாட்ச், வளையல் கூடாது என்றும் சொன்னார். கயிறு என்று சொல்லவில்லை.

நான்காவது வாரம் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் குண்டம் என்கிற தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். சரசுவால் உடுமலையிலிருந்து அவ்வளவு தூரம் வர முடியவில்லை. கயிற்றை நான் வாங்கி வந்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கட்டினேன். பெண்களுக்கு இடது கை. யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலைதான் இது. விரல் வைத்தேன். அதிர்வு இல்லை.

கத்தரிக்கோலை எடுத்தேன். சரசு கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, குண்டம் முடியாம காப்ப அறுக்கறதாவது! சாமி குத்தமுங்க."

"குத்தம் எம்மேல வரட்டும். கட்டுனவன் நாந்தான?"

"கட்டுனதும் கட்டுனீங்க, கன்னுக்குட்டிக்குக் கட்டற மாதிரியா இறுக்கிப் போடுவீங்க?" என்று அழுதாள். ஆனால் கையை நீட்டினாள்.

அறுத்தேன். அப்போதும் அதிர்வு இல்லை. சாமி படத்துக்கு முன் போய் நிற்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கையைப் பிடித்தபடியே, "தாயே, உன் கயிறு இது. தப்பு என்னுடையது. இவளை விட்டுவிடு" என்றேன். ஐந்து ஐம்பத்தைந்து. ஆறு ஐந்து. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு பத்துக்கு என் மோதிர விரலுக்கு அடியில் ஏதோ ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"இருக்குதுங்களா?" என்றாள். தலையாட்டினேன்.

அன்றே கோவைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மணிக்கட்டில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் உட்டிருந்தா ரத்தம் ஒறஞ்சு அடைச்சிருக்குமுங்க. இப்பவும் தேறுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். ஏழாவது வாரம் அதே கையில் இரண்டு ஊசி போட்டார்கள். நான்கு மணி நேரம் மெஷின் நிற்காமல் ஓடியது. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

அதற்குமுன் நான் வருடத்துக்கு ஒருமுறை கும்பிடுகிறவன். இப்போது தினமும் காலையில் அவள் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுத்தான் விளக்கேற்றுகிறேன். தப்பு செய்துவிட்டோம் என்று அம்மனிடம் போகத் தயங்காதீர்கள். செய்ததை அப்படியே சொல்லிக் கேளுங்கள். அவள் கேட்பாள்.

அடுத்த தையில் சரசு வலது கையில் காப்புக் கட்டிக்கொண்டாள்.