ராணிக்கு எழுதிய விண்ணப்பம்

இராயபுரத்தில் பால் வாசலுக்கு நடந்தே வருகிறது. விடிந்ததும் கல்மண்டபத்துக்குப் பின்புறம் எங்கள் சந்தில் ஒரு பசு வந்து நிற்கும். கூடவே ஏகாம்பரம் என்ற பால்காரர். ஒரு கையில் பித்தளைச் செம்பு, மற்றக் கையின் கக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி. வந்த புதிதில், கன்றை இவ்வளவு ஆசையாகத் தூக்கி வருகிறாரே என்று நினைத்தேன். அவர் அதைச் சுவரில் சாய்த்து வைத்தபோதுதான் அதன் கால்கள் மடங்காதவை என்று தெரிந்தது. எப்போதோ செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தைத்திருந்தார்கள். கண்ணிருந்த இடத்தில் சணல் முடிச்சு. பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது.

யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். சென்னைப் பட்டணத்தில் மாட்டைக் கண்முன்னே கறந்தால்தான் தண்ணீர் கலக்கவில்லை என்று நம்புவார்கள். கறக்குமுன் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். கொழும்பில் ஒரு துறைமுகக் கந்தோரில் முப்பது வருஷம், ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டே தலை நரைத்தவன் நான். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. இங்கே வந்த மூன்று வருஷமும் செம்பைத் தவறாமல் சோதித்தேன். கன்றைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நான் இங்கே வந்தது என் மகள் புவனத்துக்காக. மருமகனுக்கு இங்கே ரயில்வேயில் வேலை. மனைவி போனபின் அங்கே தனிவீட்டில் எனக்கு நானே தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். பேத்தி பிறந்ததும் மகள் வரச்சொல்லி எழுதினாள், பெட்டியைக் கட்டினேன். கடவுச்சீட்டு, விசா, வைத்தியச் சான்று எல்லாம் முதல் தடவையிலேயே கிடைத்தன. எந்தத் தாளை எதன்மேல் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நானும் மனைவியும் ஒன்றாகத் தீட்சை பெற்றவர்கள். அன்றிலிருந்து மச்சம் மாமிசம் தொட்டதில்லை. வந்து சேர்ந்ததோ மீன்பிடித் துறைக்குக் கூப்பிடு தூரத்தில். காற்றே இங்கே கருவாடுதான். மீன் தின்னாதவனுக்கு இந்தச் சந்தில் ஒரே பெயர்தான் உண்டு. அடுத்த வீட்டுச் சவரிமுத்து, துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர், அந்தப் பெயரை எனக்கு முதல் வாரமே சூட்டிவிட்டார்.

"இன்னா ஐயரே, இன்னிக்கு எங்க வூட்ல வஞ்சிரம். வாட புடிக்கலன்னா சன்னல சாத்திக்கோ."

"நான் ஐயர் இல்லை, சவரிமுத்து. சைவம். தீட்சை பெற்றவன்."

"அதான் சொல்றேன். சிலோன் ஐயரு."

ஒருநாள் அவரிடம் கொல்லாமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசிவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வரும் வியாதி அது. அவர் பீடியை அணைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மீனு அது இஷ்டத்துக்கு கடல்ல சுத்திகினு கீது. வலைல மாட்னா ஒரே தபா சாவுது. உன் மாட்டுக்கு செத்த புள்ளைய காமிச்சு காமிச்சு தெனம் ஏமாத்திகினு கீறீங்களே சாமி, அது இன்னா கணக்குல வருது?"

"அதில் உயிர் எடுக்கவில்லையே" என்றேன். கந்தோரில் விதியைச் சொல்லி ஆளை அனுப்பும் அதே குரலில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்.

எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று அன்று முழுதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் கோடியில் கட்டிய பசு, துள்ளித் திரியும் கன்று, இரண்டு காம்பு கன்றுக்கு, இரண்டு காம்பு வீட்டுக்கு என்று அம்மா வைத்த சட்டம். எல்லாம் உண்மை. ஆனால் பால் வற்றிய மாடுகள் என்னவாயின என்று யோசித்தபோது, மடித்துக் கட்டிய சாரமும் தோளில் சுருட்டிய கயிறுமாக ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டார். அப்பா அப்படிச் சொல்லி வைத்திருந்தார். "நல்லாய்ப் பாக்கிற இடமோ?" என்று அப்பா கேட்பார். "ஓம் ஐயா, நல்ல இடம்" என்பார் அவர். அந்த இடத்தின் பெயரை அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. கயிறு கை மாறியதும் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, மோர் குடித்துவிட்டுத் தேவாரம் பாடுவார். காளைக்கன்றுகளும் அந்த நல்ல இடத்துக்குத்தான் போயின.

சென்ற ஐப்பசியில் ஏகாம்பரம் தன் பசு ராணி இல்லாமல் வந்து நின்றார்.

"ராணி பால் மறுத்துப் போச்சு சாமி. ரெண்டு தபா காளைக்கு வுட்டும் சென புடிக்கல. அடிமாட்டுக்குத்தான் குடுக்கணும். அதுக்கு மாட்டு டாக்டரு சீட்டு கேக்கறாங்கோ. இங்கிலீஷ்ல ஒயுங்கா எய்தி குடு."

"நான் மரக்கறி சாப்பிடுகிறவன், ஏகாம்பரம்."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "உன்ன துன்னவா சொன்னேன்? எய்தத்தானே சொன்னேன்."

முடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. கொட்டகையில் ஒரு மாட்டுக்குத்தான் இடம், ராணி போனால்தான் அடுத்தது வரும், தரகர் மாசக்கடைசி வரைதான் ஒரு மாட்டை நிறுத்தி வைப்பார், ஆறு வீட்டுப் பாலும் அன்றோடு நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வட்டாரத்தில் பெட்டிசம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். குழாய் வரவில்லையென்றும், பென்ஷன் வரவில்லையென்றும் நான் எழுதியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு பசுமடத்துக்கு எழுதினேன். மிக மரியாதையான பதில் வந்தது: இடமில்லை, பெயரைப் பதிந்திருக்கிறோம், முறை வரும்போது அறிவிப்போம். அந்த வாக்கியத்தை நானே ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும். நாமே ராணியை வாங்கிக் கட்டினால் என்ன என்றும் யோசித்தேன். கொல்லைப்புறம் நாலு எட்டு அகலம். வாடகை வீடு. மாடு கட்ட மாநகராட்சி லைசென்ஸ் வேண்டும். அதற்குச் சாக்கடையின் வரைபடம் வேண்டும். மனுவையும் நானே எழுதி, நிராகரித்தும் நானே எழுதினேன், மனத்துக்குள். மனமிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

மகள் இரண்டு நாள் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தாள். குழந்தை துப்பியது. மூன்றாம் நாள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"அப்பா, நீங்கள் எழுதாட்டில் அந்த மாடு சாகாமல் இருக்குமே?"

"நான் எழுதி அது சாகக் கூடாது, புவனம்."

"அப்ப உங்களுக்கு உங்கட கைதான் பெரிசு. மாடு இல்லை."

அன்று மாலை படிவத்தை வாங்கி எழுதினேன். நிறம், கொம்பு, வயது, எத்தனை ஈற்று, எல்லாம் அழகாக. ஏழாவது கட்டத்தில், மாடு பால் வற்றியதை நேரில் அறிந்த, உறவினரல்லாத ஒருவரின் பெயரும் கையெழுத்தும் வேண்டும். உறவு மாட்டுக்கா மாட்டுக்காரருக்கா என்று படிவம் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். மறந்து விட்டதல்ல. எந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் ஒரு படிவம் பேச்சில்லாமல் திரும்பி வரும் என்பது எனக்குக் கைப்பாடம். ராணிக்கு இரண்டு வாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் டோல்கேட் பக்கம் போகும் வழியில் கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. பால் தராத மாட்டுக்கு யார் தீனி வாங்குவார்கள்? வீடு வீடாக எடுத்து வந்த கழனித் தண்ணீரும் நின்றுபோயிருந்தது. பால் வாங்காத வீடு கழனித் தண்ணீர் மட்டும் எதற்குத் தரும்? சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பசைக்காக உரித்துத் தின்றுகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் தலையை நீட்டியது. நான் வெறுங்கையோடு போயிருந்தேன்.

படிவம் எதிர்பார்த்தபடி திரும்பியது. ஏகாம்பரம் அதை நாலாக மடித்துக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தார். அன்றைக்கு முழுக்க வரிசையில் நின்றாராம். ஏசி அனுப்பினார்களாம்.

"சாமி, நீ எய்தினா திரும்பாதுன்னு இந்தத் தெரு பூரா சொல்லுது."

மடிப்பைப் பிரித்து ஏழாவது கட்டத்தைப் பார்த்தேன்.

"தெரிஞ்சே செஞ்சிருக்கே. இல்ல?"

"ஓம்" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். "உனுக்கு பாவம்னா, எனுக்குப் பாவமில்லயா? பொறந்ததுலேருந்து நான்தானே தீனி வெச்சேன். பட்னி போட்டு சாவடிக்கறதுதான் உங்க ஊரு சைவமா சாமி? ஒரே தபா போவட்டும், வுடு."

பேனாவை எடுத்து ஏழாவது கட்டத்தில் என் பெயரையும், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் என்ற பட்டத்தையும் எழுதிக் கையெழுத்திட்டேன். மாட்டை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று ஒரு சிறு வரி இருந்தது. மூன்று வருஷம், தினமும், என்று எழுதினேன். மறுநாளே சீட்டுக் கிடைத்தது. அப்பாவைப் போல எனக்குக் கால் கழுவிவிட்டு உள்ளே போக வழியில்லை. ஊரில் யாரும் எங்களிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. இரண்டு ஊருக்கும் நான் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் புது மாடு வந்தது. கூடவே உயிருள்ள கன்று, நாலு காலாலும் துள்ளிக்கொண்டு. தெருவே வேடிக்கை பார்த்தது. கிடாரியா காளையா என்று கேட்டேன். "காளை சாமி" என்றார் ஏகாம்பரம்.

அன்றிலிருந்து எனக்குப் பால் இல்லை. தயிர், மோர், நெய் எதுவும் இல்லை. பேத்திக்கு வாங்குகிறோம். செம்பை இப்போது புவனம்தான் சோதிக்கிறாள். நான் குடிப்பது வெறும் தேநீர். இதனால் எந்த மாடும் பிழைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரிலிருந்து தம்பி எழுதினான்: "அண்ணை, தீட்சை பெற்றவர் பால் குடிக்கப்படாதெண்டு எந்த ஆகமத்தில் இருக்குது?" எதிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

தை மாதம் சவரிமுத்துவின் மகளுக்குக் கலியாணம். மாதா கோவிலில் பூசை முடிந்து எங்கள் சந்து முழுவதையும் அடைத்துப் பந்தல் போட்டார்கள். எனக்காகவும் துறைமுக ஆபீஸிலிருந்து வந்த நாலைந்து பேருக்காகவும் ஒரு ஐயர் சமையற்காரரை அமர்த்தி, நடுவில் ஓலைத்தட்டி கட்டித் தனிப்பந்தி வைத்திருந்தார் சவரிமுத்து. கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார்த்தினார். தட்டியை ஒட்டிய கடைசி இலை. பருப்பின் மேல் நெய் வந்தது, கையால் மறைத்தேன். மோர்க்குழம்பு வந்தது; மறைத்தேன். பாயசத்துக்கும் மறைத்தபோது பரிமாறியவர் நின்றுவிட்டார். "எல்லாம் சுத்த சைவந்தான், பயப்படாம சாப்பிடுங்கோ." பக்கத்து இலைக்காரர் குனிந்து, "சர்க்கரை வியாதியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அனுதாபத்தோடு என் பங்குப் பாயசத்தையும் வாங்கிக்கொண்டார்.

தட்டிக்கு அந்தப்புறம் பிரியாணிப் பந்தி. ஏகாம்பரத்தின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. ஓலை இடுக்கில் என் வேட்டியைக் கண்டிருக்க வேண்டும். "சாமி, அந்தாண்ட இன்னா பண்றே? இந்தாண்ட வந்து சும்மானாச்சும் குந்து, நம்மாளுங்கதான்" என்று கூப்பிட்டார். இந்தப்பக்கம் பரிமாறியவர் தயிர்வாளியோடு வந்து, என் இலையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தாண்டிப் போனார். இலையில் ரசச்சோறும் ஒரு அப்பளமும் இருந்தன. ஒருபுறம் நெய் மணந்தது, மறுபுறம் கறி மணந்தது. தட்டியில் முதுகு உரச, நான் இரண்டுக்கும் நடுவில் மெதுவாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பந்திக்கும் நான் மற்றப் பந்திக்காரனாகவே இருந்தேன்.