கறிக்கு மீன்

இந்த நகரத்தில் யாருக்காவது கைகொடுத்தால் உடனே "மெர்சி" என்கிறார்கள். அதோடு எல்லாம் முடிந்துவிடும். மெத்ரோ படிகளில் குழந்தை வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டாலும் மெர்சி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் மெர்சி. பாரிசுக்கு வந்து இத்தனை வருடமாகியும், அந்தச் சொல் காதில் விழும்போது யாரோ மரியாதையாகக் கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது. இலங்கையில் எங்கள் உடப்புக் கடற்கரையில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை.

எங்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது வழியால் போகிறவனும் கயிற்றில் கைவைக்கலாம். வலை கரையேறி, மீன் சேர்ந்திருக்கும் மடியை அவிழ்த்ததும் அவனுக்கும் கறிக்கு மீன் உண்டு. வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லை, சும்மா நின்றால் போதும், இரண்டு கையாலும் அள்ளிப் போடுவார்கள். என் அப்பா அந்தக் கயிற்றிலேயே காலம் தள்ளியவர்.

யுத்தம் முடிந்து நாடே மூச்சுவிட்ட நேரத்தில்தான் நான் வெளிக்கிட்டேன். "எல்லாம் முடிஞ்ச பிறகு ஏன்டா ஓடுறாய்?" என்று சிநேகிதர்கள் பகிடி பண்ணினார்கள். சண்டை ஓய்ந்தால் சோறு தானாக வேகுமா? இங்கே ஓர் அறையில் எங்கள் ஆட்கள் பலரோடு தரையில் படுக்கை. உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, அதுவும் கூப்பிட்ட நாட்களில் மட்டும்.

வந்த புதிதில் ஒரு காலை, தெருச் சந்தையில் மீன்காரன் ஒருவன் ஐஸ் பெட்டிகளை வான் வண்டியிலிருந்து தனியாக இறக்கிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டு நிற்க மனம் கேட்கவில்லை. ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தேன். கடைசிப் பெட்டியும் இறங்கியதும் "மெர்சி, மெசியு" என்றான். நான் நின்றேன். இன்னொரு மெர்சி வந்தது. அப்போதும் நின்றேன். அவன் பொக்கற்றைத் துழாவி ஒரு நாணயத்தை நீட்டினான். வேண்டாமென்று தலையாட்டி, நம்முடைய மலிவான சூடை மாதிரிக் கிடந்த பொடிமீனைக் காட்டினேன். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விலை எழுதிய மட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, எவ்வளவு நிறுக்க வேண்டும் என்று கையால் கேட்டான்.

வெறுங்கையோடு அறைக்கு வந்து கதையைச் சொன்னேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். இதை வாசிக்கிற உங்களில் பலர் அப்படியொரு கதவுக்குப் பின்னால் நின்றிருப்பீர்கள்.

இங்கே தங்குவதற்கான விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் அப்பா செத்துப்போனார். போனால் திரும்பிவர முடியாது. சித்தப்பாவின் மகன் கொள்ளிவைத்தான், நான் அன்றைக்கும் கோப்பை கழுவினேன். சில வாரங்கள் கழித்து அம்மா தொலைபேசியில் சொன்னார்:

"அப்பாட மீன் இன்னும் வீட்டுக்கு வருது மகன். கயித்தில அவர் நிண்ட இடம் உனக்குத்தானாம். சம்மாட்டியார் சொன்னவர்."

சம்மாட்டியார் என்றால் வலைக்குச் சொந்தக்காரர், ஊர் முறையில் எனக்கு மாமா. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கத்தைய குளிரையெல்லாம் தாண்டினேன். எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, போய் நின்றால் போதும்.

ஒருவழியாக விசா கிடைத்தது. ஊருக்குப் போன மறுநாள் விடியவே அம்மாவோடு கரைக்கு இறங்கினேன். அப்பாவின் இடத்தில் நின்றவர் என்னைக் கண்டதும் விலகினார். கயிற்றைப் பிடித்தேன். சின்ன வயதில் என்னை "டேய்" என்று கூப்பிட்ட சம்மாட்டியார் ஓடிவந்தார்.

"விடுங்க தம்பி, கை உரிஞ்சிரும். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"பரவாயில்ல மாமா."

கை உரிந்துதான் போனது. எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மடி அவிழ்ந்தது. அம்மாவின் ஓலைப்பெட்டியில் இரண்டு கை சூடை விழுந்தது. போட்டவரும் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. கயிறு பிடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கறிக்கு மீன் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் நின்றேன், அந்தச் சந்தையில் நின்ற மாதிரியே. கடைசியில் சம்மாட்டியார் ஒரு பெரிய பாரையைத் தேடியெடுத்து, சொப்பிங் பையில் போட்டு நீட்டினார்.

"பிரான்சில இருந்து வந்த ஆளுக்குச் சூடையையா குடுக்கிறது? இது உங்களுக்கு."

"நன்றி மாமா" என்றேன்.

வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். வாயிலிருந்து விழுந்ததை எப்படித் திரும்ப விழுங்குவது? அம்மா ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். உரிந்த கையில் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு, விருந்துக்கு வந்தவன்போல் நான் பின்னால் போனேன்.