நான்காவது கட்டில்

நீங்கள் பொய் சொன்னீர்கள் சார். அந்த வீட்டில் நான்காவது ஆளுக்கு இடம் இருந்தது.

பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க அனுப்பிவைக்கும் உங்கள் அலுவலகம் சரவணம்பட்டியில் இருக்கிறது. அயர்லாந்துக்குப் போகிறவர்களுக்கு அங்கே சனிக்கிழமைதோறும் வகுப்பு. போன இடத்தில் எப்படி வாழ்வது என்று நீங்களே மைக்கைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பீர்கள். நானும் காரமடையிலிருந்து பஸ் மாறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றீர்கள். குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்றீர்கள். தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்க வானிலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லி, இரண்டிரண்டு பேராக நிற்க வைத்துப் பழக்கினீர்கள். கரண்ட் போய் ஃபேன் நின்றுபோன மத்தியான நேரம். வேர்வையில் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, இன்றைக்குக் குளிர் கொஞ்சம் அதிகம்தான் என்று ஒருவருக்கொருவர் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டோம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று ஒன்றைப் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டீர்கள். யாரிடமும் சொந்த விஷயம் கேட்கக் கூடாது. வயது, சம்பளம், மதம், கல்யாணம், எதுவும். கேட்டால் நாகரிகம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களாம். நான் நம்பினேன். பலகையில் எழுதிப் போட்டால் நம்பிவிடுகிற ஜாதி நான், அதாவது மாணவி ஜாதி.

அங்கே வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு வீட்டில் பெரிய அறை ஒன்று பிடித்துவைத்திருப்பதாகவும், நான்கு கட்டில் போட்ட அறை என்றும் சொல்லி, என்னையும் இன்னும் மூன்று பெண்களையும் அதில் சேர்த்தீர்கள். அன்று இரவு அம்மா நிம்மதியாகத் தூங்கினார். அவர் பயந்தது படிப்பைப் பற்றி இல்லை. முன்பின் தெரியாத ஊரில் மகள் எங்கே படுப்பாள் என்பது ஒன்றுதான் அவர் கவலை.

நான்கு பேரும் ஒன்றாகச் சமைத்துப் பழகட்டும் என்று ஒரு நாள் ஏற்பாடு செய்தீர்கள். சரவணம்பட்டியிலேயே அந்த மூவரில் ஒருத்தியின் வீடு. அயர்லாந்தில் போய் இருக்கப்போகிற வீட்டில் கேஸ் அடுப்பு இருக்காது என்று கரண்ட் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தீர்கள். அம்மாமார்களும் வந்திருந்தார்கள். ஒருத்தி அப்பளத்தைக் கருக்கினாள். ஒருத்தி குக்கருக்கு விசில் போட மறந்துவிட்டு, ஏன் விசில் வரவில்லை என்று குக்கரைத் திட்டினாள். மூன்றாமவள் தேங்காய் துருவும்போதே விரலைத் துருவிக்கொண்டாள். நான் அரிசியும் பருப்பும் ஆக்கினேன். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் கொட்டி, மூன்று விசில். நீங்கள் அதை உங்கள் போனில் வீடியோ எடுத்தீர்கள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்த வீட்டுக்கார அம்மா நெய் ஊற்றி இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

"இந்த அடுப்புல எப்பிடி கண்ணு இப்பிடி ஆக்கிப்போட்டே? எம்புள்ளைக்கு இனிக் கவலையில்லீங்க, இவ ஒருத்தி போதும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு அதே சிரிப்போடு என் அம்மா பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க என்ன கூட்டமுங்க?"

கூட்டம் என்றால் குலப்பிரிவு. அதைச் சொல்லிவிட்டால் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இதைவிட மரியாதையாக இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. சொந்த விஷயம் கேட்கக் கூடாது என்று பலகையில் எழுதிய நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தயிர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

என் அம்மா சர்க்கார் பள்ளிக்கூட ஆசிரியை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர்.

"எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க. எங்கய்யன் உங்கள மாதிரி ஒருத்தரு தோட்டத்துல கூலி வேலைக்கு இருந்தவருங்க. நாங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்க."

"அதனாலென்னங்க. இந்தக் காலத்துல அதையெல்லாம் ஆருங்க பாக்கறாங்க" என்றார் அந்த அம்மா. அவர் தட்டில் பாதிச் சோறு மீதி இருந்தது. கை கழுவ எழுந்து போனவர், நாங்கள் கிளம்பும்வரை அந்தப் பக்கம் வரவில்லை. மற்ற இரண்டு அம்மாக்களும் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அத்தனை 'ங்க' போட்டு எங்களிடம் யாரும் அதற்கு முன்பு பேசியதில்லை. பஸ்ஸில் அம்மா, "நல்ல மனுசருங்கதான்" என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் போன் செய்தீர்கள்.

"ஒரு சின்னச் சிக்கலுங்க அம்மணி. அந்த ஊட்டுக்காரரு மூணு பேருக்கு மேல ஆகாதுன்னு சொல்லிப்போட்டாரு. உனக்கு வேற எடம் பாத்துத் தாரேன் கண்ணு, நீ கவலையே படாத."

நீங்கள் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். போய் இறங்கி, பயணிகள் தங்கும் விடுதியில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூங்கினேன். பகலில் வகுப்பு, சாயங்காலம் வீடு தேடல். அம்மா வீடியோவில் கூப்பிட்டால், பின்னால் கட்டில்கள் தெரியாதபடி சுவரோரம் போய் நின்று பேசினேன். குளிர் கொஞ்சம் அதிகம்தான் என்றேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் உதவியது அது ஒன்றுதான்.

அந்த ஊர்க்காரர்கள் தெய்வப்பிறவிகள் இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் என் சோற்றை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு சலவைக் கடைக்கு மேலே சின்ன அறை கிடைத்தது. சிகரெட் பிடிப்பாயா, பூனை வளர்ப்பாயா, எப்போது குடிவருவாய் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் அந்த மூன்று பெண்களும், வந்து சேர்ந்துவிட்டோம் என்று நம் வாட்ஸப் குழுவில் படம் போட்டார்கள். பெரிய அறைதான். நான்கு கட்டில். மூன்றில் அவர்கள் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். நான்காவதில் மாங்காய் ஊறுகாய் ஜாடியும் பொடி டப்பாக்களும் ஒரு குக்கரும். என்னைவிட ஊறுகாய்க்கு நல்ல இடம் கிடைத்திருந்தது. படத்துக்கு முதல் ஆளாகக் கட்டைவிரல் தூக்கியவர் நீங்கள்.

அத்தோடு விட்டிருப்பேன். போன மாதம், நம் வாட்ஸப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உங்கள் வகுப்பு வீடியோ ஒன்றை எனக்கு அனுப்பி, இதன்படி செய்தால் சரியாக வருமா அக்கா என்று கேட்டாள். கரண்ட் அடுப்பு, சின்ன வெங்காயம், மூன்று விசில். முகத்தை வெட்டிவிட்டீர்கள். கைகள் மட்டும் தெரிகின்றன. இடது மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு, என்னுடையது. பின்னணியில் உங்கள் குரல்: நம்ம ஊட்டுச் சாப்பாடு, நம்ம புள்ளைக ஆக்கினது.

சரியாக வரும் என்று அவளுக்குப் பதில் போட்டேன். கேட்க வேண்டியது உங்களிடம்.

இந்தச் சனிக்கிழமையும் அதைப் போடுவீர்கள். போடுங்கள். முடிந்ததும் மைக்கைக் கீழே வைக்காதீர்கள். அத்தனை பெற்றோர் முன்னாலும், அந்தக் கைகள் யாருடையவை, அந்தக் கைகளுக்கு உரியவளுக்கு நான்காவது கட்டிலை ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள். போனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் 'கண்ணு' போட வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள்.