சிங்கத்தின் தோளில் ஒரு கை

காலாப்பட்டு ஜெயிலிலிருந்து விடுதலையாகி பாகூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய மாரிமுத்துவை, முதலில் வரவேற்றவன் மாரிமுத்துதான். கறுப்புக் கண்ணாடி, தலையில் கிரீடம், பின்னால் ஒரு சிங்கம். ‘சிறையை வென்ற சிங்கமே வருக’ என்று ஆளுயர எழுத்து. கீழே வரிசையாக அவன் கூட்டாளிகள், ஆளுக்கொரு செல்போனைக் காதில் வைத்தபடி. காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பேனர் வைக்கிற ஊர், ஜெயிலை மட்டும் விட்டுவைக்குமா?

இத்தனைக்கும் சிங்கம் திருடியது மோட்டார் கொட்டாயில் காப்பர் ஒயர்.

புருஷன் திருப்பூரில் வேலை பார்ப்பதாகத் தனக்கொடி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். யாரும் நம்பவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவுமில்லை. அவனுக்கு வேலை கேட்டுப் போனபோது ஹார்டுவேர் கடை தெய்வநாயகம்கூட, “விஷயம் வெளிய வராத வரைக்கும் வேல உண்டும்மா” என்றுதான் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால்தான் வீட்டுக்குள் வரலாம், இல்லாவிட்டால் மாட்டுக் கொட்டாய்தான் என்பது தனக்கொடியின் சட்டம்.

மாரிமுத்து பையைக் கீழே வைத்தான். பேண்டை மடித்துக்கொண்டு கம்பத்தில் ஏறினான்.

“இன்னாடா, ஆசையா வச்சா கழட்டுற?” என்று கூட்டாளி அன்புராஜ் கீழே நின்று கோபித்துக்கொண்டான்.

“உங்க ஆசையில என் பொழப்பு போச்சுடா.”

பொழப்பு ஸ்கூட்டரில் வந்து கம்பத்தடியில் நின்றது. தெய்வநாயகம் பேனரைப் பார்த்தார், மேலே இருந்தவனைப் பார்த்தார்.

“நான்தாங்க மொதலாளி” என்றான் மாரிமுத்து, நின்றவர்கள் எல்லார் காதிலும் விழும்படி. “ஒயர் திருடிட்டு உள்ள இருந்தேன். திருப்பூர்லாம் இல்லீங்க.” சொன்னதும் பாரம் இறங்கியது. கூடவே வேலையும் போயிற்று என்று நினைத்தான்.

தெய்வநாயகம் வியாபாரி. அவர் வானத்தைப் பார்த்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. “ஊருக்கே தெரிஞ்சிபோச்சு, இனிமே நான் இன்னாத்த மறைக்கறது? கட வாசல்ல சிமெண்ட் நனையுது. அந்த பேனர கிழிக்காம எடுத்தாந்து மூடு. ஒயர் பக்கம் மட்டும் போவாத.”

சேதி கேட்டுத் தனக்கொடி பதறிக்கொண்டு ஓடிவந்தபோது, சிமெண்ட் மூட்டைகள் மேல் சிங்கம் மல்லாந்து கிடந்தது. பேனருக்குக் கூட்டாளிகள் எடுத்தது அவர்களுடைய கல்யாணப் போட்டோவைத்தான். அவளை வெட்டிவிட்டிருந்தார்கள். அவன் தோளில் அவள் வைத்த கை மட்டும் வளையலோடு அப்படியே இருந்தது.

“என்னைய வெட்டிப்புட்டு கைய வுட்டுட்டானுங்க” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிறகு காற்றில் பறந்த ஓரத்தில் ஒரு செங்கல்லை வைத்தாள்.

“சாயங்காலம் வூட்டுக்கு வந்துடு. அந்தக் கூட்டாளிங்களோட வந்த, கொட்டாய்தான்.”

தோளில் இருந்த அந்த வளையல் கையைப் பார்த்து மாரிமுத்து தேம்பித் தேம்பி அழுதான்.