கோழிக் கொட்டிலில் அடித்த கத்திகள்

கத்தி அடிக்கும் வேலையில் முதலில் கூர்மையாவது கத்தி அல்ல, வீட்டிலிருப்பவர்களின் வாய். வேலையை விட்டு நின்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் எதையாவது நோண்டி, பெண்சாதியிடம் பேச்சு வாங்கும் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் முப்பத்து நாலு வருஷம் பிட்டர் வேலை பார்த்தவன் நான். இரும்பைப் பற்றி எவனும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். மெஷினைக் கழற்றிப் பூட்டுவது வேறு, இரும்பைக் காய்ச்சி அடிப்பது வேறு. அது தெரிய மூன்று கத்தி ஆனது.

கொட்டில் யாருக்கு?

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். பார்வதி, என் பெண்சாதி, அதில் கோழி வளர்க்க இருந்தாள். அவள் குஞ்சு வாங்க ஆள் விசாரித்துக்கொண்டிருந்த வாரத்தில் நான் செங்கல்லும் களிமண்ணும் கொண்டுபோய் உலை கட்டிவிட்டேன். காற்றுக்கு, மகள் விட்டுப்போன தலைமுடி காயவைக்கும் மெஷின். ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றது. பார்வதி உலையைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிவிடும் வேலைக்கு எங்கள் பக்கம் கவ்வாத்து என்று பெயர். அது அடுத்த மாதம் தொடங்க இருந்தது. அவள் தம்பி ராமையா கவ்வாத்து வெட்டுகிறவன். அதை வைத்தே கெடு சொன்னாள்.

"கவ்வாத்து முடியிறதுக்குள்ள உங்க கத்தி ஒண்ணாவது மலைக்கு வேலைக்குப் போகணும். போகலைன்னா கொட்டில் கோழிக்கு. அப்புறம் நீங்க வாயே தொறக்கக்கூடாது, சொல்லிட்டேன்!"

பூசணிக்காய்

முதல் கத்தியைக் கட்டடக் கம்பியில் அடித்தேன். ஐந்து நாள். தோள்பட்டை விட்டுப்போனது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பெருமையாகக் குசினியில் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்குப் பூசணிக்காய். பார்வதி கத்தியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். கத்தி வளைந்தது. பூசணிக்காயில் ஒரு கோடு மட்டும்.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"இந்தாங்க, கத்தியைக் கொண்டு போங்க. காய்க்கு ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க."

பழைய இரும்பு

பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் வளைந்த கத்தியைக் காட்டினேன். மனுஷன் அதைக் கையில் வாங்கி, நிமிர்த்தி, திரும்ப வளைத்து, கடையில் நின்ற எல்லோருக்கும் காட்டினார். கம்பியை எத்தனை தரம் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் இறுகாதாம். அது வீடு கட்டத்தான். கத்திக்கு லொறியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான் சரி என்று ஒரு துண்டை எடுத்துத் தந்தார். கத்தியைத் திருப்பித் தரும்போது சொன்னார்:

"இதையும் வெச்சிக்கோங்க மாமா. ரொட்டி பெரட்ட ஒதவும்."

தேங்காய் எண்ணெய்

அடித்து முடித்த கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். அப்போதுதான் இறுகும். பார்வதி கடைக்குப் போயிருந்தாள். குசினி எண்ணெய்ப் போத்தலை வாளியில் கவிழ்த்தேன். ஸ்பிரிங் பட்டையில் அடித்த இரண்டாவது கத்தியை முக்கினேன். ஒரு சீறல், புகை. வாசனை, வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கப் போய்விட்டது. பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு சரசு கொட்டில் வாசலில் நிற்கிறாள்.

"அண்ணே, என்ன பலகாரமா இருந்தாலும் ரெண்டு நம்ம வீட்டுக்கும் எடுத்து வைங்க. பிளேன்டீ ஊத்திட்டேன்."

பிளேன்டீ நிறம்

அந்தக் கத்தி கைதவறி சிமெந்துத் தரையில் விழுந்தது. பப்படம் மாதிரி இரண்டாக உடைந்தது. இறுகியது சரி, நான் அதை இளக்கவில்லை. எண்ணெயில் முக்கிய பிறகு திரும்ப லேசாகச் சூடு காட்ட வேண்டும். இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னான். எங்கள் மலையில் வைக்கோலுக்கு எங்கே போவேன்?

மிச்சப் பட்டையில் அடித்த அடுத்த கத்திக்குச் சூடு காட்டும்போது டீமேக்கர் பிச்சை வந்து சேர்ந்தான். ஃபெக்டரியில் என் கூட்டாளி. ஆயுசு முழுக்கப் பால் விடாத தேத்தண்ணியின் சாயம் பார்த்தவன். இரும்பில் மஞ்சள் ஏறியது. நான் கத்தியை எடுக்கக் குறட்டை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டான்.

"பொறுடா! இது ஆஸ்பத்திரி பிளேன்டீ, வெறும் மஞ்சத் தண்ணி. மனுஷன் குடிக்கிற சாயம் வரட்டும், அப்புறம் எடு."

பதினோராம் நம்பர் மலை

அது மூன்றாவது கத்தி. கைப்பிடிக்குப் பலாக்கட்டை. மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினேன். கவ்வாத்து முடிய இரண்டே நாள் இருந்தது. ராமையா அரைமனதோடு வாங்கிக்கொண்டான். நானும் பின்னாலேயே தேயிலை மலைக்குப் போய், மழைத்தண்ணி ஓடும் கானோரம் நின்றேன்.

கவ்வாத்தில் ஏமாற்ற முடியாது. வெட்டுவாய் பிளந்தால் கிளை அழுகும். கங்காணி குனிந்து வெட்டுவாயைத் தடவிப் பார்ப்பார். பிளந்திருந்தால் கத்தியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பனி கொட்டியது. ராமையா முதல் வீச்சு வீசினான். கைப்பிடி ஈரத்தில் வழுக்கி, கத்தி பக்கத்துச் செடியில் போய் விழுந்தது. நிரையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்து, மடியிலிருந்து சைக்கிள் டியூப் துண்டை எடுத்து, என் பலாக்கட்டை மேல் இறுக்கிச் சுற்றினான். வாயைத் திறந்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். மூடிக்கொண்டேன்.

பிறகு வெட்டினான். ஒரு செடி. இரண்டு. ஒரு நிரை முழுக்க. கங்காணி வந்து குனிந்தார். ஒரு வெட்டுவாயைத் தடவினார். இன்னொன்று. கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார். ராமையா தாடையால் என்னைக் காட்டினான்.

"பிட்டரா? வெட்டு சுத்தமா இருக்கு. டியூப்பு எடுப்பா இருக்கு. அதையும் நீங்கதானே சுத்துனீங்க?"

சாயந்திரம்

ராமையா வெறுங்கையோடு வந்தான். கத்தி எங்கே என்றேன். பக்கத்து நிரை ஆள் கெஞ்சி வாங்கிப் போய்விட்டானாம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரும்போது தருவானாம். கைப்பிடி வழுக்கி டியூப் சுற்றிய கதையையும் சொன்னான். பார்வதி கேட்டுக்கொண்டே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சீனி வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடப் போட்டிருந்தாள். எனக்கு அதுவே போதும். ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை.

"கொட்டில் உங்களுக்குத்தான், வெச்சுக்கங்க. அடுத்த கத்தி எனக்கு. கைப்பிடியில கைய வைக்காதீங்க, அத தம்பி பாத்துக்குவான்."

ஆக, கத்தி அடிக்கக் கற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை, அடித்ததை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்கு இன்னும் பழக்கம் போதவில்லை.