சிவனணைந்தபெருமாளின் பன்னிரண்டாவது சண்டை

கடையத்துச் சிவனணைந்தபெருமாளை மல்யுத்தப் பாயில் மல்லாத்தியவன் தமிழ்நாட்டில் பத்து வருஷம் கிடையாது. நண்பன் என்பதால் ஏற்றிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவனோடு படித்தவன் நான். இப்போது தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். அவன் போன இடமெல்லாம் கடையைப் பூட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறேன்.

மல்யுத்தத்தில் நான்கு முறை மாநில முதலிடம். ஊரில் பிளக்ஸ் வைத்தார்கள், பொன்னாடை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். வேலை மட்டும் யாரும் தரவில்லை. இருபத்தேழு வயதில் வெறுத்துப்போய்க் கூண்டுச் சண்டைக்குப் போனான். கம்பி வலைக்குள் குத்தலாம், உதைக்கலாம், பிடித்து நெரிக்கலாம். பெருமாளுக்குக் குத்தெல்லாம் சுமாராகத்தான் வரும். ஆனால் எதிராளியின் இடுப்பில் அவன் கை ஒரு முறை பூட்டிவிட்டால் கதை முடிந்தது. பதினொரு சண்டை, பதினொன்றிலும் வெற்றி. அதில் ஒன்பது முதல் சுற்றிலேயே.

இத்தனைக்கும் சோறு போட்டது அவன் அண்ணன் குற்றாலிங்கம். அப்பா, அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தது அவர்தான். ஐந்தருவியில் ஆயில் மசாஜ் செய்கிறவர். சீசனில் அவர் கைக்காகவே காத்திருந்து உட்காருகிறவர்கள் உண்டு. தம்பியின் சண்டை எங்கே நடந்தாலும் கூடவே வருவார், ஆனால் அரங்கத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். தம்பி அடி வாங்குவதைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. முடிகிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்து சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டாவது சண்டை கொச்சியில், 2019 ஆகஸ்டில், ஒரு ஹரியானாக்காரனோடு. ஜெயித்தால் அபுதாபியில் மூன்று வருஷ ஒப்பந்தம். அவனுக்கு அப்போது முப்பத்தொன்று. அந்த வயதில் அப்படி ஒரு வாசல் இரண்டாம் தடவை திறக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எடை எழுபத்தேழு கிலோ இருக்க வேண்டும், அவன் எண்பத்துநான்கு இருந்தான். ஆறு நாளில் இறக்கினான். கடைசி நாள் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டியில் கிடந்து வியர்த்தான். சண்டைக்கு முந்தின நாள் காலையில் எடை பார்த்துவிட்டு அறைக்கு வந்தபோது கண் இரண்டும் சிவந்து, உதடு வெடித்திருந்தது. குற்றாலிங்கம் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

“ஏலே விஜய்பாண்டி, உடம்பு அனலா கொதிக்குலே. இந்தச் சூட்டோட நாளைக்கு இவன் எப்படி நிப்பான்? ஓடிப்போயி நல்லெண்ணெய் வாங்கிட்டு வா.”

நான்தான் ஓடினேன். அரை லிட்டர் பாட்டில். கூண்டுக்குள் போகிறவன் உடம்பில் எதையும் தடவக் கூடாது என்கிற விதி எனக்குத் தெரியும். ஆனால் அது எதிராளியின் பிடி வழுக்கட்டும் என்று பூசி ஏமாற்றுகிறவனுக்கான விதி. சூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை யார் குற்றம் சொல்வார்கள்? எங்கள் ஊர்ப் புத்தி அப்படித்தான் போயிற்று. பெருமாளும் குழந்தையாட்டம் உட்கார்ந்து தலையைக் கொடுத்தான். உச்சி முதல் உள்ளங்கால் வரை இரண்டு மணி நேரம் தேய்த்தார். சூடு தணியவில்லை என்று மறுநாள் காலையிலும் தேய்த்தார். இரண்டு முறையும் சீயக்காய் போட்டுத்தான் குளிப்பாட்டினார். பெங்களூரிலிருந்து வந்த கோச் வேறு மாடியில் தங்கியிருந்தார், அவரிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமென்றே தோன்றவில்லை.

காய்ந்து கிடந்த தோல் குடித்த எண்ணெயெல்லாம் அன்று கூண்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் வியர்வையோடு வெளியே வந்தது. முதல் சுற்றில் பெருமாள் மூன்று முறை இடுப்பைப் பிடித்தான், மூன்று முறையும் அவன் கையே வழுக்கியது. இரண்டாம் சுற்றில் ஹரியானாக்காரன் அவன் கழுத்தைப் பூட்டினான். பெருமாள் தலையை உருவிக்கொண்டு வெளியே வந்தான். கூட்டம் கத்தியது, நானும் கத்தினேன். ஹரியானாக்காரன் விரல்களைத் தேய்த்து நடுவரிடம் காட்டினான். அவர் வெள்ளைத் துண்டால் பெருமாளின் முதுகைத் துடைத்து முகர்ந்து பார்த்தார். அத்தோடு சண்டையை நிறுத்தி, பெருமாள் தோற்றதாக அறிவித்துவிட்டார்கள்.

எண்ணெயால் நஷ்டம் யாருக்கு என்று ஒருவனாவது கேட்டானா? பிடியை நம்பிப் பிழைப்பவன் தன் பிடியை வழுக்க வைத்துக்கொள்வானா?

வெளியே அண்ணன் எழுந்து நின்றார். “என்னலே ஆச்சு?”

“கோவத்துல முழங்கையால பொடதியில அடிச்சிட்டேண்ணே. தப்புன்னு சொல்லிட்டாங்க.”

நான் வாயைத் திறக்கப் போனேன். பெருமாள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அந்தப் பிடி வழுக்கவில்லை.

விசாரணை இங்கிலீஷில், வீடியோவில் நடந்தது. தேய்த்தது யார் என்று கேட்டார்கள். அண்ணன் பேரைச் சொல்லியிருந்தால் இவனுக்கு ஆறு மாதத்தோடு போயிருக்கும், அவருக்கு ஆயுள் தடை. ஐந்தருவியில் மசாஜ் செய்கிறவருக்கு அந்தத் தடையால் என்ன வந்துவிடப் போகிறது? அப்படியே அவனிடம் சொல்லிச் சண்டை போட்டேன். அவன் ‘நானே தேய்த்துக்கொண்டேன்’ என்று சொன்னான். இரண்டு வருஷம் தடை போட்டார்கள். அபுதாபிக்கு ஹரியானாக்காரன் போனான்.

தடை முடிவதற்குள் கொரோனா வந்து ஊரே முடங்கியது. முப்பத்துநாலு வயதில் திரும்பப் போனவனை ஒரு இருபத்திரண்டு வயதுப் பையன் நாற்பது விநாடியில் சாய்த்தான். அடுத்த இரண்டிலும் தோல்வி. கடைசிச் சண்டையில் இடது கண்ணில் அடிபட்டு, பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் திரும்பவில்லை. இப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் கார் நிறுத்துமிடத்தில் வாட்ச்மேன்.

போன சீசனில் அவனைப் பார்க்கப் போனேன். குற்றாலிங்கமும் அங்கே லாட்ஜுக்கு வந்தவர்களுக்கு மசாஜ் செய்துகொண்டிருந்தார். ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டே, தம்பியைக் காட்டிச் சத்தமாகச் சொன்னார்:

“அந்தா நிக்கானே, என் தம்பிதான். வெளிநாட்டுக்குப் போக வேண்டியவன். ஒரு நிமிஷக் கோவத்துல முழங்கையை ஓங்கி வாழ்க்கையத் தொலைச்சிட்டான். மூளை கெட்ட பய.”

படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பெருமாளைப் பார்த்துச் சிரித்தார். பெருமாளும் சிரித்தான். எனக்குத்தான் தாங்கவில்லை. அவனைத் தனியாக இழுத்துப் போனேன்.

“இன்னும் எத்தனை பேருகிட்ட இப்படிக் கேட்டுக்கிட்டு நிப்பே? உண்மையைச் சொல்லித் தொலையேம்ல.”

“சொன்னா அண்ணன் அதுக்கப்புறம் ஒருத்தன் மேல கை வைக்காதுலே. எங்க ரெண்டு பேருல ஒருத்தன் கையாவது ஓடட்டும்.”

கேட்டில் ஒரு கேரளா வண்டி ஹாரன் அடித்தது. வலது கண் பக்கமாகத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு திறக்கப் போனான்.